நான் கட்டிய பூப்பொட்டலம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இது நடந்தது. கொல்லிமலையில், குண்டூர் நாட்டுப் பக்கம் என் மனைவி பிறந்த ஊர். அங்கே அவர்களுடைய குலசாமி கோயிலுக்குப் பின்னால், மழையில் நனைந்த ஒரு பாறைமேல் உட்கார்ந்து, ஐம்பது வயதில் நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். அதற்காக வருத்தப்படுகிறேனா என்று கேட்டால் இன்றுவரை பதில் சொல்லத் தெரியவில்லை. அதைச் சரியாகச் செய்யத் தெரியவில்லையே என்று மட்டும் வெட்கப்படுகிறேன்.

நான் அடிவாரத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன். பரீட்சையில் காப்பியடிப்பவர்களைப் பிடிப்பதில் எங்கள் வட்டாரத்திலேயே எனக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டில் மூன்று புத்தக அலமாரிகளும் ஒரு சாமி படமும் இருக்கின்றன. அலமாரிகள் என் கட்சி, படம் அவள் கட்சி. இரண்டுக்கும் தூசி தட்டுவது அவள்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலைமேல் உள்ள ஒரு பள்ளியில் இருந்தேன். அப்போதுதான் அவளைப் பார்த்தேன், பேசினேன், கட்டிக்கொள்கிறேன் என்று அவர்கள் வீட்டில் போய்க் கேட்டேன். அவர்கள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குலசாமியிடம் பூக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கேட்கும்போது நான் பஸ் நிற்கும் இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "உத்தரவு கெடச்சிருச்சுங்க" என்று ஒருவர் வந்து சொன்னார். சாமி எப்படிச் சொன்னது, எந்தப் பூவில் சொன்னது என்றெல்லாம் நான் விசாரிக்கவில்லை. மதிப்பெண் வந்துவிட்டால் விடைத்தாளை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அதற்குப் பிறகு வருடம் ஒரு முறை அந்தக் கோயிலுக்குப் போவோம். அவளும் மகளும் உள்ளே போவார்கள். நான் வெளியே பலாமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். உள்ளே வரச் சொல்லி அவள் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. "அவரு செருப்பக் காத்தே புண்ணியம் சேத்திக்கறாரு" என்று தன் அண்ணனிடம் சொல்வாள். அவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன். இருபத்திமூன்று வருடம் இப்படியே ஓடிவிட்டது.

அந்த வருடம் புரட்டாசியில் அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. என்னிடம் சொல்லப் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டாள். சேலத்துக்குப் போனோம். ஊசியில் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் செய்தி நல்லதாக இருக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தள்ளிப்போடக் கூடாது, வருகிற வியாழக்கிழமை வந்து சேருங்கள், வெள்ளிக்கிழமை ஆபரேசன் என்றார்.

"சாமியக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றாள் என் மனைவி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவளைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கும் எட்டு வருடங்களுக்கு முன்பு அவளுடைய அக்காவுக்கு வயிற்றில் ஒரு கோளாறு. பூக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான்தான் கோபப்பட்டு, இதற்கெல்லாம் நேரமில்லை என்று கார் பிடித்து அந்த அம்மாளை மலையிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனேன். ஆபரேசன் நடந்தது. மூன்றாம் நாள் அதே மலைப்பாதையின் எழுபது வளைவுகளிலும் ஆம்புலன்ஸ் மெதுவாக மேலே ஏறியது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். அவர்கள் வீட்டில் ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் நான்கு வார்த்தை சொல்லித் தேறியிருப்பேன்.

அதனால் இந்த முறை என் மனைவி கேட்காமல் போகமாட்டாள் என்பதும், சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போகவே மாட்டாள் என்பதும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. புரட்டிப் பார்க்க என்னிடம் மூன்று அலமாரி இருந்தும், இதற்கு ஒரு பதிலும் அதில் இல்லை.

அந்த நாட்களில் கல்லூரியிலிருந்து மகள் வந்திருந்தாள். சனிக்கிழமை காலையில் என் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று வரிசையாகக் காட்ட ஆரம்பித்தாள். துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் என்ன வித்தியாசம், எது சாம்பாருக்கு, எது சட்னிக்கு என்று. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். "எங்க, இது என்னுன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று ஒரு டப்பாவை நீட்டினாள். தப்பாகச் சொன்னேன். "நீங்க பெயிலுங்க" என்றாள். எதற்காக இந்தப் பாடம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகள் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலையேறினோம். வளைவுக்கு வளைவு மூடுபனி. எதிரே லாரி வந்தால் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. மகள் ஜன்னலோரமும் அவள் நடுவிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவள் என்மேல் சாய்ந்து நிமிர்ந்தாள். உடம்பு இளைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

கோயில் பூசாரி வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன்தான். வாரத்தில் ஆறு நாள் மிளகும் மரவள்ளியும் பார்க்கிற விவசாயி, ஏழாம் நாள் பூசாரி. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு எங்களுக்காகக் காத்திருந்தார். தங்கையைப் பார்த்ததும், "வா சாமி" என்றார்.

பூக் கேட்பது என்றால் இதுதான். செவ்வரளியைக் கொஞ்சம் ஒரு இலையிலும், வெள்ளரளியைக் கொஞ்சம் இன்னொரு இலையிலும் வைத்து, வெளியே தெரியாமல் ஒரே மாதிரி இரண்டு பொட்டலம் கட்டுவார்கள். சாமி முன்னால் அவற்றை வைத்துப் பூசை செய்வார்கள். கேட்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். ஒரு நிறம் வந்தால் சரி, இன்னொன்று வந்தால் வேண்டாம். எது எதில் இருக்கிறது என்பது பூசாரிக்கே தெரியக் கூடாது. அதனால் பொட்டலத்தை வேறு ஒருவர் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டி அனுப்புவார்.

"மாப்ள, பொட்டலம் நீங்க கட்டுங்க" என்றார் மச்சான்.

"நானா? எனக்குத்தான் சாமியே கிடையாதே!"

"அதுக்குத்தானுங்க உங்களச் சொல்றேன். சாமியக் கும்புடற ஆளு கட்டுனா, இப்படி வரணும் அப்படி வரணும்னு மனசு ஒரு பக்கம் சாயும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லீங்களே."

வாழ்க்கையில் என் நாத்திகத்துக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. அதை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்று பாருங்கள்.

தட்டில் இரண்டு நிறப் பூவும், இரண்டு துண்டு வாழையிலையும், கொஞ்சம் வாழைநாரும் வைத்துக் கொடுத்தார். வாங்கும்போதே, எடுக்காத பொட்டலத்தை என்ன செய்வீர்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டு வைத்தேன். பிரிக்காமல் அப்படியே ஓடையில் விட்டுவிடுவோம் என்றார். நல்லது. பின்னால் போய்ப் பாறைமேல் உட்கார்ந்தேன். வெள்ளரளியை இரண்டாகப் பிரித்து இரண்டு இலையிலும் வைத்தேன். செவ்வரளியை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாரால் இறுக்கிக் கட்டினேன். ஒரே இழுப்பில் முடிச்சு விழுந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் பூக் கேட்டால் வெள்ளைதான் சம்மதம். எனக்குத் தெரிந்து எல்லா ஊரிலும் வெள்ளைதான் சம்மதம்.

பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல வெளியே நின்றேன். உள்ளே மணிச் சத்தம் கேட்டது. சாம்பிராணிப் புகை பனியோடு கலந்து வெளியே வந்தது. பிறகு நார் அறுபடும் சத்தம்கூடக் கேட்டதுபோல இருந்தது.

சற்றுப் பொறுத்து மச்சானின் குரல் வந்தது. "வேண்டாம்னுருச்சு சாமி."

எனக்கு விளங்கவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்தேன். அவள் உள்ளங்கையில் விரித்த இலையும், அதில் வெள்ளை வெளேரென்று பூவும் இருந்தன.

"வெள்ளைதானே வந்திருக்கு, மச்சான்?"

"வெள்ளைன்னா வேண்டாம்னுங்க மாப்ள. எங்க சாமிக்குச் செவப்புத்தான் உத்தரவு." பிறகு கொஞ்சம் ஆச்சரியமாக, "இத்தன வருசமா வந்து போறீங்க, தெரியாதுங்களா?" என்றார்.

தெரியாது. கல்யாணத்துக்கு வந்தது சிவப்பா வெள்ளையா என்று அன்றைக்கே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரே ஒரு வருடமாவது பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போயிருந்தால் தெரிந்திருக்கும். எடுக்காத பொட்டலம் எங்கே போகிறது என்பதுவரை விசாரிக்கத் தெரிந்தவனுக்கு, விசாரிக்க வேண்டிய ஒன்றை மட்டும் விசாரிக்கத் தோன்றவில்லை. இப்போது அவள் எதை எடுத்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் வந்திருக்கும். தப்பித்துப் போக ஒரு வழிகூட விடாமல் நானே என் கையால் கட்டிக் கொடுத்திருந்தேன்.

அவள் வெளியே வந்தாள். முகத்தில் அழுகை இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. ஒரு நிம்மதி. "சரி, ஊட்டுக்குப் போலாமுங்க" என்றாள். மகள் சுவரில் சாய்ந்துகொண்டு முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

அவள் பத்தடி போயிருப்பாள். "நில்லு புள்ள" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. சட்டைப் பையில் கைவிட்டுச் செவ்வரளியை எடுத்து நீட்டினேன். கசங்கியிருந்தது. சட்டையில் கறை வேறு.

"ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சேன்" என்றேன். "சரின்னு வரட்டும்னுதான் வெச்சேன்."

மச்சான் உள்ளே போய் இன்னொரு பொட்டலத்தை எடுத்துவந்து, வழக்கத்தை மீறி எங்கள் எல்லோர் முன்னாலும் பிரித்தார். வெள்ளை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தியிருந்தால் தேவலாம்போல இருந்தது.

"சாமி கும்புடாத மனுசன், சாமி பேருல பொய் சொல்லவும் மாட்டாருன்னு நெனச்சேனுங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான். படித்த படிப்பெல்லாம் அந்த ஈரத் தரையில் போய் விழுந்ததுபோல இருந்தது எனக்கு.

துப்பட்டாவுக்குள்ளிருந்து என் மகளின் குரல் வந்தது. "ஏம்ப்பா, பிட்டு அடிச்சும் பெயிலா?"

முதலில் என் மனைவியின் தோள்தான் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாகக் கேட்காத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "இருவத்திமூணு வருசம் வெளியவே நின்ன மனுசன்... மொத மொதல்ல சாமி காரியத்துல கை வெச்சாரு... அதுலயும் நெறத்த மாத்தி வெச்சுட்டாரு..." என்று சொல்லச் சொல்லச் சிரித்தாள். அப்படியே அந்தச் சிரிப்பு உடைந்து அழுகையானது. மகள் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அருகில் போகத் தைரியம் வரவில்லை. மச்சான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துண்டால் மூக்கைத் துடைத்தார்.

கொஞ்சம் அடங்கியதும் அவர் சொன்னார், இது சாமியின் பதிலே இல்லை, கேள்வியே கேட்கவில்லை என்றுதான் அர்த்தம், மறுபடி கேட்கலாம் என்று. கோயில் காரியத்தில் பித்தலாட்டம் செய்தவன் ஓடையில் தலைமுழுகிவிட்டு வர வேண்டும் என்றார். ஐப்பசி மாதத்தில், மலைமேல், ஓடைத் தண்ணீர். நரகம் சூடாக இருக்கும் என்று எழுதி வைத்தவர்கள் கொல்லிமலைக்கு வந்ததில்லை. பற்கள் அடித்துக்கொள்ளத் திரும்பி வந்தபோது, தட்டில் புதிதாகப் பறித்த பூவும் இலையும் நாரும் தயாராக இருந்தன.

"இந்தத் தடவ பாப்பா கட்டட்டும்" என்று மச்சான் மகளைக் காட்டினார்.

"இல்லீண்ணா, அவரே கட்டட்டும்" என்றாள் என் மனைவி.

"அவரா?"

"அவருதான்."

தட்டை வாங்கிக்கொண்டு அதே பாறைக்குப் போனேன். ஈரத் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது எனக்கு நிறம் தெரியும். இரண்டிலும் சிவப்பை வைத்தால் முடிந்தது. ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. தெரிந்தே ஏமாறத்தான் என்னை அனுப்பினாளோ என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. சிவப்பை எடுத்து ஒரு இலையில் வைத்தேன். மிச்சச் சிவப்பை இன்னொரு இலைக்குக் கொண்டுபோனேன். வைக்க முடியவில்லை. அவருதான் என்று அவள் சொன்ன விதம் காதிலேயே இருந்தது.

சரி, நேர்மையாகவே கட்டிவிடலாம் என்று ஒன்றில் சிவப்பும் ஒன்றில் வெள்ளையும் வைத்தேன். நாரைக் கையில் எடுத்தேன். அதுவும் முடியவில்லை. இவளுடைய உயிரை இரண்டில் ஒன்றாக நான் எப்படி முடிச்சுப் போடுவது? முதல் தடவை ஒரே இழுப்பில் கட்டிய நார் இப்போது கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. குளிரால் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ளவும் செய்தேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. யாரையோ பார்த்து, பெயர் சொல்லாமல், "ஏதாவது பண்ணு" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பிறகு எழுந்தேன். கட்டாத பூவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வலது கையில் சிவப்பும் இடது கையில் வெள்ளையுமாக, வாசற்படியைத் தாண்டிக் கோயிலுக்குள் போனேன். உள்ளே நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன இடம். ஒரு விளக்கு, ஒரு கல், அதன்மேல் மஞ்சளும் குங்குமமும். அதன் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"என்னால கட்ட முடியல" என்றேன். "கட்டுனா மறுபடியும் திருடிருவேன். திருடாமக் கட்டறதுக்குப் பயமா இருக்குது."

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையமர்த்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். சொட்டிக்கொண்டிருந்த என் வேட்டியைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடாமலே, நன்றாகப் பார்த்தே, என் வலது கையிலிருந்த செவ்வரளியை எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கட்டாத பூவுக்கு வாக்குக் கெடையாது கண்ணு" என்றார் மச்சான்.

"இவரு உள்ள வந்துட்டாருண்ணா" என்றாள் அவள். "இதுக்கு மேல எனக்கு என்ன உத்தரவு வேணும்?"

வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஆபரேசன் அறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குதுங்க. கடலப்பருப்பு எதுன்னு ஞாபகம் வெச்சுக்கங்க" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுதத்தான் ஆசை. கட்டியோடு மார்பையும் எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. வாய்ப்புண்ணால் பல நாள் ஒரு வாய் கஞ்சிகூட இறங்கவில்லை. என் சாம்பாரைச் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்பதற்காகவே சீக்கிரம் எழுந்துவிட்டதாக அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்க்கும் நேரங்களும் உண்டு. அப்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதே சுவரைப் பார்ப்பேன். அதில் ஒன்றும் எழுதியிருக்காது.

இப்போது முடி வளர்ந்துவிட்டது. சில மாதங்களுக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகிறோம். போன தடவை டாக்டர் படத்தை வழக்கத்தைவிட நீண்ட நேரம் பார்த்தார். அடுத்த மாதம் மறுபடி ஒரு படம் எடுக்க வேண்டும் என்றிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றவில்லை என்பதைத்தான் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தோம்.

எனக்குப் பக்தி வந்துவிட்டதாக மச்சான் ஊரெல்லாம் சொல்கிறார். நான் மறுப்பதில்லை; ஒப்புக்கொள்வதும் இல்லை. சாமி இருக்கிறதா என்று கேட்டால் இன்றும் தெரியாது என்பதுதான் என் பதில். ஆனால் அன்றைக்கு, ஏமாற்றவும் முடியாமல், ஏமாற்றாமல் இருக்கவும் துணிவில்லாமல், இரண்டு கையையும் விரித்தபடி நான் யார் முன்னால் போய் நின்றேனோ, அதற்கு யார் என்ன பெயர் வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.